வெற்றிடம் ஊராட்சியில்தான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2016 டிசம்பரில் ஜெயலலிதாவும் 2018 ஆகஸ்டில் கருணாநிதியும் மறைந்தபோது, ‘தமிழக அரசியலில் வெற்றிடம்’ என்று பேசாத மேடை இல்லை, எழுதாத பத்திரிகை இல்லை. அதை நிரப்பப்போவது யார் என்று தொலைக்காட்சிகளில் இரவிரவாக விவாதித்தார்கள். அதே ஆண்டுகளில் மாநிலத்தின் 12,500-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளில் தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை. அதைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் ஊரகப் பகுதிகளுக்கு 2019 டிசம்பர், விடுபட்ட ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர், நகரங்களுக்கு 2022 பிப்ரவரி என்று தேர்தல் இழுத்தடிக்கப்பட்டது. பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சாசனம் தெளிவாகச் சொல்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் இல்லை என்பதற்காக மத்திய நிதிக்குழு மானியமும் நிறுத்திவைக்கப்பட்டது. 2019-இல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. மறுபடியும் தலைவர்களின் இடத்தில் அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்தார்கள். ஆட்சி மாறியும் இந்த வழக்கம் மாறவில்லை.

தலைவர் இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் கருகிவிட்டது என்று வையுங்கள். தலைவர் இருந்தால் விடிந்ததும் பெண்கள் குடத்தோடு அவர் வாசலில் நிற்பார்கள். அடுத்த தேர்தலில் அதே வாசல்களுக்கு வோட்டுக் கேட்டுப் போக வேண்டியவர் என்பதால், கைக்காசைப் போட்டாவது மெக்கானிக்கைக் கூட்டி வருவார். தனி அலுவலர் காலத்தில் ஊராட்சி செயலரிடம் சொல்ல வேண்டும். அவர் ஒன்றிய அலுவலகத்துக்குச் சொல்வார். அங்கே சராசரியாக முப்பது ஊராட்சிகளுக்கு ஒரே வட்டார வளர்ச்சி அலுவலர், அவர்தான் தனி அலுவலர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தெருவிளக்கு, சாக்கடை, குப்பை வண்டி என்று முப்பது ஊர்களின் பாட்டையும் ஒரு மனிதர் எப்படிப் பார்ப்பார்? அதுவரை டிராக்டரில் வரும் தண்ணீரைக் குடம் இவ்வளவு என்று காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

காலி நாற்காலி உண்மையில் காலியாக இருப்பதில்லை. அதன் பின்னால் ஒப்பந்ததாரர் இருக்கிறார், ஊரின் பெரிய கை இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகள் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபோது என்ன நடந்தது? மனுத்தாக்கல் செய்ய விடாமல் தடுத்தார்கள். மீறி வென்றவர்களை ராஜினாமா செய்ய வைத்தார்கள். 1996-இலிருந்து பத்து ஆண்டுகள், 2006-இல் முறையான தேர்தல் நடக்கும்வரை, அந்த இடங்கள் வெறுமையாகவே வைக்கப்பட்டன. அதேபோல் ஒதுக்கப்பட்ட எங்கள் மாவட்டத்து மேலவளவில், அந்த நாற்காலியில் அமர்ந்த தலைவர் முருகேசனை 1997-இல் வெட்டிக் கொன்றார்கள். வெற்றிடம் யாருக்கு வசதி என்பதை எங்கள் மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்று சாதியின் பெயரால் தடுக்க வேண்டிய தேவையே இல்லை, அரசாணையே போதுமானதாகிவிட்டது. ஆனால் இழப்பு அதே ஆட்களுக்குத்தான். உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு உரியவை, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் தனி ஒதுக்கீடு உண்டு. சட்டமன்றத்தின் வாசலைக்கூட மிதிக்க முடியாதவர்கள் அதிகாரத்தைத் தொட்டுப் பார்க்கும் ஒரே இடம் இதுதான். தேர்தல் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் அவர்கள் இழக்கும் மாதம்.

அடுத்த முதல்வர் யார் என்ற கருத்துக்கணிப்புக்கு முழுப் பக்கம் ஒதுக்குகிறீர்கள். மாவட்டச் செய்திப் பக்கத்தில் எங்களுக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். எந்த ஊராட்சி எந்தத் தேதியிலிருந்து தலைவர் இல்லாமல் இருக்கிறது, அங்கே தனி அலுவலர் யார், கடைசியாக அவர் எப்போது ஊருக்குள் வந்தார் என்று ஒன்றியம் ஒன்றியமாக வெளியிடுங்கள். விவரம் திரட்ட ஊருக்கு ஒருவர் கிடைப்பார்கள். உசிலம்பட்டி ஒன்றியத்துக்கு நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
உசிலம்பட்டி, மதுரை மாவட்டம்.