என் மகன் எலி இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில் மரபணு சிகிச்சை பற்றிய கட்டுரையில், "வேறு வழியில்லாத ஏழை நோயாளிகள்தான் இங்கே சோதனை எலிகள்" என்று ஒரு வரி வந்திருந்தது. எழுதியவர் எங்கள் மேல் இரக்கப்பட்டுத்தான் எழுதியிருப்பார். ஆனால் அந்த இதழை எனக்கு முன்னாலேயே என் மகன் படித்துவிட்டான். படித்துவிட்டு, "என்னையத்தான்மா சொல்றாங்க" என்றான்.

அவனுக்கு 15 வயது. ஹீமோபிலியா ஏ, கடுமையான வகை. உங்களுக்குத் தெரியாதது இல்லை, ரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் 8 அவன் உடம்பில் சுரப்பதில்லை. அடிபட வேண்டும் என்றுகூட இல்லை. ராத்திரி நன்றாகப் படுத்தவனுக்கு விடியும்போது மூட்டுக்குள் ரத்தம் கட்டி, முழங்கால் பப்பாளிக்காய் மாதிரி வீங்கியிருக்கும். ஐஸைத் துண்டில் சுற்றிக் கட்டிக்கொண்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து மதுரை ஆரப்பாளையத்தில் வந்து இறங்குவோம். அரசு ஆஸ்பத்திரியில் ஃபேக்டர் இலவசமாகக் கிடைக்கிறது, அந்த நன்றி என்றைக்கும் உண்டு. பொடியில் தண்ணீரை விட்டு, குலுக்கினால் நுரைத்துவிடும் என்று நர்ஸம்மா குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக உருட்டுவார். அது கரைந்து தெளிகிற வரைக்கும் அவன் குப்பியையே பார்த்துக்கொண்டிருப்பான். ஏற்றிய மருந்து அரை நாளுக்குள் உடம்பில் பாதியாகிவிடும். அப்புறம் மறுபடியும் ஊசி.

என் தம்பி 1996ல் பல் பிடுங்கப் போய், ரத்தம் நிற்காமலே இறந்தான். 14 வயது. அன்றைக்கு எங்கள் பக்கம் இந்த நோயின் பெயர்கூடத் தெரியாது, சாமி குத்தம் என்றார்கள். என் மகனுக்கு வந்தபோது பெயர் தெரிந்திருந்தது. தாய் வழியாக வருவது என்றும் தெரிந்திருந்தது. அதனால் "இவ கொண்டாந்த நோய்" என்று ஒரு விசேஷ வீட்டில், பந்தியில் எல்லார் காதும் கேட்கச் சொன்னார்கள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தேன். 2016 சட்டத்தின் மாற்றுத்திறனாளிகள் பட்டியலில் ஹீமோபிலியாவும் இருக்கிறது. அட்டைக்குப் போனால், "கை கால் நல்லாத்தானே இருக்கு" என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். இதையெல்லாம் யாரும் எழுதவில்லை. ஏப்ரல் 17, உலக ஹீமோபிலியா தினம் வந்தால், உங்கள் இதழிலும் இந்த நோய் ஓடிய விக்டோரியா ராணியின் வம்சக் கதைதான் வருகிறது.

இரண்டு வருடத்துக்கு முன்பு, வெளியூர் மருத்துவமனை ஒன்றில் புது மருந்துச் சோதனைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நாங்களாகத்தான் போனோம். சம்மதப் படிவத்தை ஒரு டாக்டரம்மா தமிழில் வரிவரியாக வாசித்துக் காட்டினார். கெடுதலாக என்னென்ன வரலாம், வந்தால் யார் செலவில் வைத்தியம், நடுவில் விலகலாமா, எல்லாம் அதில் இருந்தது. வீட்டில் கலந்து பேசிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள். மறுபடி போனபோது என் மகன் பக்கம் திரும்பி, "தம்பி, உனக்குச் சம்மதமா? வேணாம்னாலும் சொல்லலாம்" என்று கேட்டார்கள். அவனுடைய 13 வருடத்தில் எத்தனையோ ஊசி போட்டிருக்கிறார்கள், ஒருவரும் அவனிடம் கேட்டதில்லை. எலியிடம் யார் சம்மதம் கேட்கிறார்கள்?

ரத்தப் பரிசோதனையில் ஏதோ கணக்கு ஒத்துவராமல் அவனைச் சேர்க்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தான்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஐந்து பேருக்கு, அவரவர் ரத்தத்திலிருந்தே, புது ரத்தத்தை உண்டாக்குகிற ஸ்டெம் செல்களை எடுத்து, ஃபேக்டர் 8 மரபணுவை அதில் ஏற்றித் திரும்பச் செலுத்தினார்கள். 2024 டிசம்பரில் முடிவு வெளிவந்தது. கண்காணித்த காலத்தில் ஐவருக்கும் ரத்தக்கசிவே வரவில்லை. புதுச் செல்களுக்கு இடம் ஒழிக்க, புற்றுநோய்க்காரர்களுக்குத் தருவது போன்ற கடுமையான மருந்தை அவர்கள் முதலில் தாங்க வேண்டியிருந்தது. எல்லாம் 22 முதல் 41 வயதுக்காரர்கள், தெரிந்தேதான் துணிந்தார்கள். என் மகனுக்கு என்றைக்காவது ஒரு வழி திறந்தால் அது அவர்கள் போட்ட பாதையாக இருக்கும். அவர்களை எலி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சோதனை என்ற பெயரில் ஏமாற்றுகிறவர்களே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருந்தால் அவர்களைப் பற்றி எழுதுங்கள், நானே பத்துப் பேருக்கு வாங்கிக் கொடுக்கிறேன். சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச வைத்தியமும் இழப்பீடும் தர வேண்டும் என்று அரசின் 2019 மருந்துச் சோதனை விதிகளில் இருக்கிறது. எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் எத்தனை தாய்மாருக்கு இது தெரியும்? இந்தியாவில் நடக்கிற சோதனைகளை அரசின் பதிவேட்டில் யாரும் பார்க்கலாம் என்கிறார்கள். அது ஆங்கிலத்தில் இருக்கிறது.

நான் கேட்பது ஒரு கால் பக்கம்தான். கையெழுத்துப் போடுவதற்கு முன் டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று தமிழில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். கூடவே, அந்த வார்த்தைக்கு ஒரு வரி வருத்தம் தெரிவியுங்கள். புத்தகம் வந்ததும் முதலில் பிரிப்பது என் மகன்தான்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
உசிலம்பட்டி.