சதவீதத்தைப் பார்த்து மார்க் குறைக்காதீர்கள்: பழைய வட ஆற்காட்டுக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரி முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். மாணவர் எழுதிக் கொடுத்த அசைன்மென்ட்டை ஒரு மென்பொருளில் போட்டு, "இதில் இத்தனை சதவீதம் ஏஐ எழுதியது" என்று அது காட்டும் எண்ணை வைத்து இன்டர்னல் மார்க்கைக் குறைப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த மென்பொருளுக்குச் செலவாகும் பணத்தையும் நேரத்தையும் மாணவரை உட்காரவைத்துப் பேசுவதற்கும், அசைன்மென்ட்டையே மாற்றி அமைப்பதற்கும் திருப்புங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

நான் வேலூரில் வரலாறு கற்பிக்கிறவன். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் ஒருத்தி, பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. அவள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவள்தான். ஆங்கிலத்தில் ஓர் அசைன்மென்ட் எழுதினாள். சின்னச் சின்ன வாக்கியங்கள், பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த அமைப்பு, திரும்பத் திரும்ப அதே சொற்கள். மென்பொருள் அதில் பெரும்பகுதி ஏஐ எழுதியது என்று சொல்லிவிட்டது. அடித்துத் திருத்திய ரஃப் நோட்டை அவள் எடுத்து வந்து காட்டினாள். யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. வகுப்பில் எல்லோர் முன்னாலும் காப்பி அடித்தவள் என்று பெயர் வாங்கினாள், மார்க்கும் போனது. அதற்குப் பிறகு அவள் சொந்தமாக எழுதுவதை விட்டுவிட்டாள். சீனியர் கொடுத்த பழைய நோட்டைப் பார்த்து எழுதிக் கொடுக்கிறாள். அது எந்த மென்பொருளிலும் மாட்டுவதில்லை.

இது ஒரு மென்பொருளின் கோளாறோ, ஓர் ஆசிரியரின் கோபமோ அல்ல. இந்தக் கருவிகள் வேலை செய்யும் முறையிலேயே சிக்கல் இருக்கிறது. இவற்றில் பல, ஒரு வாக்கியத்தில் அடுத்து வரும் சொல் எவ்வளவு எளிதில் ஊகிக்கக் கூடியது என்று பார்க்கின்றன. எளிதில் ஊகிக்க முடிந்தால் இயந்திரம் எழுதியது, முடியாவிட்டால் மனிதர் எழுதியது என்பது கணக்கு. சரி, குறைந்த சொற்களை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு இரண்டாம் மொழியில் எழுதுகிறவரின் அடுத்த சொல் எப்படி இருக்கும்? ஊகிக்கக் கூடியதாகத்தான் இருக்கும். 2023இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு கண்டறியும் கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காகத் தாங்களே எழுதிய கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை அவை ஏஐ எழுதியவை என்று முத்திரை குத்தின. அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் கட்டுரைகளில் அந்தத் தவறு மிகக் குறைவு. நம் ஊர்ப் பிள்ளைகள் இதில் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது அப்படிச் சரியாகக் குறித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தைத் தவறாக ஏஐ எழுத்து என்றது. இந்தக் கணக்கை அந்த நிறுவனமே வெளியிட்டது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் கருவியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இன்று விற்கப்படும் கருவிகள் அதைவிட மேம்பட்டவை என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பழைய 9 சதவீதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 60 பேர் உள்ள வகுப்பில் எல்லோரும் நேர்மையாகவே எழுதியிருந்தாலும் சுமார் ஐந்து பேர் குற்றவாளிகளாக நிற்பார்கள்.

இன்னொரு குழப்பமும் ஸ்டாஃப் ரூமில் அடிக்கடி காதில் விழுகிறது. "யுஜிசியே சதவீதம் வைத்திருக்கிறதே" என்கிறார்கள். யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2018இல் கொண்டுவந்த கருத்துத் திருட்டு விதிகள் ஒப்புமையை, அதாவது ஓர் எழுத்து ஏற்கெனவே வெளிவந்த இன்னொன்றோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதைப் பற்றியவை. 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, அதற்கு மேல் படிப்படியாக நடவடிக்கை. அங்கே மென்பொருள் ஒரு பத்தியைக் காட்டி, இது இன்ன கட்டுரையின் இன்ன பக்கத்தில் இருக்கிறது என்று சொல்கிறது. நீங்கள் இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மாணவரும் மறுத்துப் பேசலாம். ஏஐ சதவீதத்தில் அப்படி எடுத்துக் காட்ட எதுவுமே இல்லை. மூலம் கிடையாது, சாட்சி கிடையாது, மறுக்க வழியும் கிடையாது. இரண்டும் ஒரே திரையில் எண்ணாக வருவதாலேயே இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறோம்.

மாணவர்கள் யாரும் ஏமாற்றுவதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நிறைய பேர் கேள்வியை அப்படியே சாட்ஜிபிடியிலோ ஜெமினியிலோ ஒட்டி, வந்ததை அப்படியே பிரின்ட் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஆனால் சாட்ஜிபிடி வந்தது 2022 நவம்பர் 30. அதற்கு முன்பும் கல்லூரி வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட பிராஜெக்ட் விலைக்குக் கிடைத்தது. பெயரையும் பதிவு எண்ணையும் மாற்றினால் போதும். நாமும் வாங்கிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருந்தோம். அப்போது மாணவரைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். இப்போதும் அதேதான்.

போன செமஸ்டரில், வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த 1806 வேலூர்ப் புரட்சி பற்றி ஓர் அசைன்மென்ட் எனக்கு வந்தது. அருமையான நடை. கடைசியில் ஐந்து புத்தகங்களின் பட்டியல். அதில் இரண்டு புத்தகங்கள் உலகத்திலேயே இல்லை. ஆசிரியர் பெயர் நிஜம், தலைப்பு மட்டும் கற்பனை. சாட்ஜிபிடி போன்ற கருவிகள் ஒரு தகவல் உண்மையா என்று பார்த்துவிட்டு எழுதுவதில்லை. அடுத்து வரப் பொருத்தமான சொல் எது என்று கணித்துக் கணித்துக் கோக்கின்றன. நம்பும்படியான புத்தகத் தலைப்பும் அந்தக் கணிப்பில் ஒன்றுதான். 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இருவர் சாட்ஜிபிடி சொன்ன இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். படித்த வழக்கறிஞர்களே நம்பியிருக்கிறார்கள். முதலாம் ஆண்டு மாணவர் நம்பியதில் என்ன ஆச்சரியம்?

அந்த அசைன்மென்ட்டை எழுதிய பையனுக்கு நான் மார்க் குறைக்கவில்லை. கோட்டைக்குப் போய்விட்டு வரச் சொன்னேன். மக்கான் அருகே சிப்பாய்களுக்கான நினைவுத் தூண் நிற்கிறது. கோட்டைக்கு எதிரே பழைய ஐரோப்பியக் கல்லறைத் தோட்டத்தில் அன்று இறந்த வெள்ளைச் சிப்பாய்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. இரண்டும் 1806 ஜூலை 10ஆம் தேதியைப் பற்றியவை. யார் யாரை நினைவுகூர்கிறார்கள், யாரை விட்டுவிடுகிறார்கள் என்று நேரில் பார்த்து எழுது என்றேன். சிப்பாய்களின் தலைப்பாகை, தாடி, நெற்றிக்குறி பற்றிய உத்தரவுகள் ஏன் அப்படி வெடித்தன என்பதை ஏஐயிடமே கேட்டுக்கொள், ஆனால் என்ன கேட்டாய், என்ன வந்தது, அதில் எது தவறு என்று ஒரு பக்கம் தனியாக எழுதிச் சேர்த்துவிடு என்றேன். அவன் கொண்டு வந்த இரண்டாவது அசைன்மென்ட்டில் எழுத்துப் பிழைகள் இருந்தன, நடையும் சுமார்தான். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் அவனே இருந்தான். புரட்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயரின் குதிரைப்படை வந்து சேர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று, தான் தினமும் வரும் பஸ் பாதையை வைத்துக் கணக்குப் போட்டிருந்தான்.

இப்படிக் கொடுக்க நம் மாவட்டங்களில் பொருளுக்கா பஞ்சம்? சுற்றுச்சூழல் கல்வி எல்லாப் பிரிவுக்கும் உண்டு. தோல் கழிவு பாலாற்றைக் கெடுத்தது பற்றி வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதியாக ஊன்றியது. அந்தத் தீர்ப்பின் சுருக்கத்தை ஏஐயிடம் வாங்கி, மூலத் தீர்ப்போடு ஒப்பிட்டு, எது விடுபட்டது என்று எழுதச் சொல்லலாம். அப்புறம் வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ கிணறு கெட்டுப்போன ஒரு விவசாயியிடம் பேசி வரச் சொல்லலாம். வணிகவியல் மாணவர் நேதாஜி மார்க்கெட்டில் ஒரு மளிகைக் கடைக்காரர் கடன் கணக்கை எப்படி எழுதுகிறார் என்று பார்த்து வரட்டும். செங்கம் பக்கத்து நடுகற்களையும் குடியாத்தத்துக் கைத்தறிக் கணக்கையும் பாடமாக்கலாம். எந்தக் கருவிக்கும் அந்தக் கடைக்காரரின் நோட்டு கிடைக்காது.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 60 பேரிடம் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசினால் ஐந்து மணி நேரம். ஒரு பாடத்தின் ஒரு வார வகுப்பு அப்படியே போய்விடும். அதனால் எல்லோரையும் ஒரே தடவையில் கூப்பிட வேண்டாம். செமஸ்டருக்கு மூன்று அசைன்மென்ட் என்றால் ஒவ்வொன்றுக்கும் 20 பேர், யார் என்று முன்கூட்டிச் சொல்லாமல். உட்காரவைத்து, இந்த வரியில் என்ன சொல்ல வருகிறாய், இதை எங்கே படித்தாய் என்று தமிழிலேயே கேளுங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் பதிலைத் தமிழில் சொல்லட்டும். புரிந்து எழுதியவர் சொல்லிவிடுவார். கௌரவ விரிவுரையாளர்கள் தலையில் இந்த வேலையைச் சம்பளமில்லாமல் கட்டாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இது வகுப்பு நேரத்துக்குள் நடக்க வேண்டிய வேலை, கால அட்டவணையில் இடம்பெற வேண்டியது.

முழுத்தடை போடலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைக்கு இறுதிநிலைச் செலவு (கூடுதலாக ஒன்று தயாரிக்க ஆகும் செலவு) என்றால் என்ன என்று வகுப்பில் மூன்றாவது தடவை எழுந்து கேட்கக் கூச்சம். ராத்திரி வீட்டில் அதே கேள்வியை ஏஐயிடம் பத்துத் தடவை கேட்கிறது. இட்லிக் கடை உதாரணத்தோடு சொல் என்கிறது, இன்னும் எளிதாகச் சொல் என்கிறது. டியூஷனுக்குப் பணமில்லாத வீட்டில் இது பெரிய துணை. தமிழில் அந்தப் பதில்கள் சில சமயம் தடுமாறுகின்றன, தவறும் சொல்கின்றன. அதைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுப்பதும் நம் வேலைதான். வசதியுள்ள பிள்ளைகள் எப்படியும் பயன்படுத்துவார்கள். தடை போட்டால் பயந்து விலகி நிற்பது இவர்கள்தான்.

ஆசிரியர்களாகிய நமக்கும் அதே விதி பொருந்த வேண்டும். வினாத்தாளும் பிபிடியும் ஏஐயில் தயாராகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். பயன்படுத்தினால் மாணவரிடம் சொல்லிவிடுங்கள், சரிபார்த்துவிட்டுக் கொடுங்கள். விடைத்தாளைப் பெயரோடும் பதிவு எண்ணோடும் அதில் ஏற்றி மார்க் போடச் சொல்வது மட்டும் கூடவே கூடாது. அது மாணவரின் தனிப்பட்ட தகவல். அதைக் காக்க 2023இலேயே சட்டம் வந்துவிட்டது.

ஒவ்வொரு துறையும் ஒரே ஒரு பக்கத்தில், தமிழில், எதற்கு ஏஐ பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது, பயன்படுத்தினால் எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று எழுதி, முதல் இன்டர்னல் தேர்வுக்கு முன்பே நோட்டீஸ் போர்டில் ஒட்டட்டும். அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இந்த செமஸ்டரில் மென்பொருள் காட்டிய எண்ணை மட்டும் வைத்து மார்க் குறைக்கப்பட்டவர்கள் யார் என்று உங்கள் துறைப் பதிவேட்டில் இருக்கும். இன்டர்னல் மார்க்கைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் கடைசி நாளுக்குள் அவர்களைக் கூப்பிடுங்கள். ரஃப் நோட்டு இருந்தால் வாங்கிப் பாருங்கள், ஐந்து நிமிடம் பேசுங்கள், பிறகு மார்க்கை முடிவு செய்யுங்கள்.

அன்புடன்,
ஒரு வரலாற்று ஆசிரியர், வேலூர்