பழைய மாதிரி ரொக்கெட் தொகுதி எனக் கூறிப் பிற்காலத் தொகுதியை விற்றமை பற்றிய முறைப்பாடு

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.
12.02.2025

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

அன்புடையீர்,

கடந்த ஜனவரி 20ஆம் திகதி தங்கள் நிறுவனத்திடமிருந்து இணையவழியாக ரூபா 38,500 செலுத்தி நான் வாங்கிய, பகுதிகளை நாமே ஒட்டிக் கட்டும் மாதிரி ரொக்கெட் தொகுதி, விளம்பரத்தில் கூறப்பட்ட பொருள் அன்று என்பதையும், அதைத் திருப்பி ஏற்க முடியாதென்று தங்கள் அலுவலர் தொலைபேசியில் கூறிய காரணம் எனக்கு ஏற்புடையதன்று என்பதையும் இக்கடிதத்தின் மூலம் அறியத்தருகிறேன்.

விளம்பரத்தில் "எஸ்டெஸ் பிக் பெர்த்தா, 1960களின் மூலத் தொகுதி, திறக்கப்படாதது" என்று இருந்தது. அமெரிக்காவில் வேர்னன் எஸ்டெஸ் 1958இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயர்பெற்ற ரொக்கெட்டுகளில் இதுவும் ஒன்று. ஏறத்தாழ 61 செ.மீ. நீளமும், பருத்த காகித உடற்குழாயும், நான்கு பெரிய செட்டைகளும் கொண்டது. இதே பெயரில் புதிய தொகுதிகள் இன்றும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன, அவற்றில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான் கூடுதலாகக் கொடுத்த பணம் முழுவதும் அந்தப் பழமைக்கே உரியது. பறக்கவிடும் எண்ணமும் எனக்கு இல்லை; அதற்கு வேண்டிய, வெடிமருந்து அடைத்த குழலை வீட்டில் வைத்திருக்கும் ஆசை யாழ்ப்பாணத்தில் என் வயதுக்காரர் எவருக்கும் வராது. கட்டி முடித்துக் கண்ணாடி அலுமாரியில் வைப்பதற்காகவே வாங்கினேன்.

பொதி வந்த அன்று மாலையே செய்முறைத் தாளை விரித்து வைத்து, பசை தொடாமல் பகுதிகளைப் பொருத்திப் பார்க்கத் தொடங்கினேன். முதலில் கையில் எடுத்த மூக்குக் கூம்பே பிளாஸ்ரிக்கால் ஆனதாக இருந்தது. 1960களின் தொகுதியில் இருந்தது பால்சா என்னும் இலேசான மரத்தில் கடைந்த கூம்பு. அதன் துளைகளை நிரப்பி, அரத்தாளால் தேய்த்து, மறுபடியும் நிரப்பி வழவழப்பாக்குவதுதான் இந்த வேலையின் பாதி இன்பம். அடுத்து, செட்டைகளின் விளிம்பு நெடுகிலும் லேசர் கதிரால் வெட்டிய கபிலநிறக் கருகல் தெரிந்தது. அறுபது ஆண்டுக்கு முன் விளையாட்டுப் பொருளின் மரத்தகட்டை லேசரால் வெட்டித் தந்தவர் யாரென்று தாங்களே சொல்லுங்கள். பரசூட்டையும் கூம்பையும் உடலோடு பிணைக்கும் றப்பர் நாடாவோ இழுத்த இழுப்புக்கெல்லாம் நீண்டு கொடுத்தது. அத்தனை வயதான றப்பர் தொட்டாலே உதிர்ந்துவிடும். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்கு காற்றில் ஒலியெழுப்பும் விண் பூட்டிய பட்டம் கட்டுபவர்களோடு வளர்ந்தவன் நான். காகிதமும் மரமும் நூலும் எப்படி முதுமையடையும் என்பது என் கைக்குத் தெரியும்.

இவை போதாவிட்டால், பையின் வாயில் பொருத்தியிருந்த தலைப்பு அட்டையைப் பாருங்கள். அதன் மூலையில் ஒட்டியிருந்த தங்கள் விலைச்சீட்டு ஈரக்காற்றில் தானாகவே கழன்றபோது, கீழே பார்கோட் அச்சிடப்பட்டிருந்தது. அந்தக் கோடுகள் கடையொன்றில் முதன்முதலாகப் பொருளை விற்கப் பயன்பட்டது 1974ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் திகதி, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில். ஆகவே இந்த அட்டை 1960களைச் சேர்ந்ததாக இருக்க வழியே இல்லை. விளம்பரப் படத்திலும் விலைச்சீட்டு அதே இடத்தில்தான் இருக்கிறது. அதை வேண்டுமென்றே அங்கே ஒட்டினீர்கள் என்று நான் கூற முற்படவில்லை. ஆனால் ஒட்டியவர் அட்டையைப் பார்த்துத்தான் ஒட்டியிருப்பார்.

பொதியைத் திறந்துவிட்டதால் திருப்பி ஏற்க முடியாது என்பது தங்கள் அலுவலரின் வாதம். பொலித்தீன் பைக்குள் அட்டைக்குப் பின்னால் இருந்த கூம்பு மரமா பிளாஸ்ரிக்கா என்பதைத் திறக்காமல் அறிவது எப்படி என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. மேலும், பையை மூடியிருந்த கம்பி ஊசிகள் இரண்டு. ஓர் ஊசிக்கு இரண்டாக நான்கு துளைகளே இருக்க வேண்டும். அட்டையிலோ ஊசி பாய்ந்த துளைகள் எட்டு. எனக்கு முன்பே ஒருவர் இதைத் திறந்து மூடியிருக்கிறார் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. நான் திறப்பதற்கு முன் எடுத்த படங்களில் அந்தத் துளைகள் தெளிவாகத் தெரிகின்றன. அவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். உடற்குழாய் வழியில் நசுங்கியதைப் பற்றி இங்கே பேசவில்லை, அது கூரியர்காரரின் பொறுப்பு.

எனவே, செலுத்திய ரூபா 38,500ஐயும் திருப்பி அனுப்பும் செலவையும் 14 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்கில் வைப்பிலிடுமாறும், இன்னமும் நீக்கப்படாதிருக்கும் அந்த விளம்பரத்தைத் திருத்துமாறும் கேட்டுக்கொள்கிறேன். தவறினால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் எழுத்துமூலம் முறைப்பாடு செய்வேன். பகுதிகள் அனைத்தும், அந்த விலைச்சீட்டு உட்பட, வந்தபடியே என்னிடம் பத்திரமாக உள்ளன. எதிலும் ஒரு துளி பசைகூடப் படவில்லை.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: பற்றுச்சீட்டின் பிரதி, படங்கள் 6.