ஸ்மித்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டு எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் மான்செஸ்டர் நகரத்து இசைக்குழுக்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையில், 'தி ஸ்மித்ஸ்' குழுவின் முதல் சிங்கிள் (தனிப்பாடல் தட்டு) 'திஸ் சார்மிங் மேன்' என்று குறிப்பிடப்பட்டிருந்தது. அது அவர்களுடைய இரண்டாவது சிங்கிள். முதலாவது, 1983 மே மாதம் ரஃப் டிரேட் நிறுவனம் வெளியிட்ட 'ஹேண்ட் இன் குளோவ்'. இது மட்டும்தான் பிழையென்றால் ஓர் அஞ்சலட்டையோடு நிறுத்திக்கொண்டிருப்பேன். ஆனால் 'இண்டி' (சுயேச்சையானது என்று பொருள்படும் 'இண்டிபெண்டன்ட்' என்பதன் சுருக்கம்) என்பது கிதாரின் ஒருவகை ஓசைக்குப் பெயர் என்று அதே கட்டுரை இன்னொரு பத்தியில் விளக்கம் தருகிறது. முதல் இசைத்தட்டின் கதையை அறிந்திருந்தால் இந்த இரண்டாவது பிழை நேர்ந்திருக்காது என்பதால் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

அந்தப் பாடல் 1983 பிப்ரவரி மாத இறுதியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மான்செஸ்டரை ஒட்டிய ஸ்டாக்போர்ட்டில் உள்ள ஸ்டிராபெர்ரி ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு செய்யப்பட்டது. செலவு சுமார் 250 பவுண்டு. அதைக் கொடுத்தவர், துணிக்கடை நடத்திக்கொண்டே குழுவின் மேலாளராகவும் இருந்த ஜோ மாஸ். தயாரிப்பாளர் என்று தனியாக யாரும் இல்லை. குழுவின் பெயரே அந்த இடத்திலும் அச்சாகியிருக்கிறது. கிதார் கலைஞர் ஜானி மாருக்கு அப்போது வயது 19. அவரும் பேஸ் கிதார் வாசித்த ஆன்டி ரூர்க்கும் ஒலிநாடாவை எடுத்துக்கொண்டு லண்டனுக்கு ரயிலேறி, ரஃப் டிரேட் அலுவலகத்தின் சமையலறையில் அதன் நிறுவனர் ஜெஃப் டிராவிஸை மடக்கிப் பிடித்து, இதைக் கட்டாயம் கேளுங்கள் என்று கையில் திணித்துவிட்டு வந்தார்கள். வார இறுதியில் கேட்ட டிராவிஸ், திங்கட்கிழமையே வெளியிட ஒப்புக்கொண்டார்.

கட்டுரையாளர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ரஃப் டிரேட் 1976-இல் மேற்கு லண்டனில் ஓர் இசைத்தட்டுக் கடையாகத் தொடங்கி, இரண்டு ஆண்டுகள் கழித்துத் தானே இசைத்தட்டு வெளியிட ஆரம்பித்தது. அச்சடித்த தட்டுகளை நாடெங்கும் கொண்டுசேர்க்கும் வண்டியும் கிடங்கும் பெரிய நிறுவனங்களின் கையில் இருந்த காலம் அது. அதற்கு மாற்றாக யார்க், பிரிஸ்டல், லிவர்பூல், நாரிச், எடின்பரோ, லீமிங்டன் ஸ்பா ஆகிய ஊர்களில் இருந்த சிறு விநியோகஸ்தர்களுடன் சேர்ந்து 'கார்ட்டெல்' என்ற வலையமைப்பை ரஃப் டிரேட் உருவாக்கியது. இப்படிப் பெரிய நிறுவனங்களின் விநியோகத்தைச் சாராமல் கடைக்கு வரும் தட்டுகளுக்கென்று 1980 தொடக்கத்திலிருந்து பிரிட்டனில் ஒரு தனி விற்பனைப் பட்டியலும் இருந்தது. அதில் இடம்பெறத் தேவையான தகுதி, தட்டு எந்த வழியாகக் கடைக்கு வந்தது என்பதுதான். கிதார் எப்படி ஒலித்தது என்பதல்ல. நடனப் பாட்டானாலும் மின்னணு இசையானாலும் வழி சரியாக இருந்தால் அது இண்டிதான். கிதார் ஓசைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது பிறகு நடந்தது. அப்படி ஒட்டியதில் ஸ்மித்ஸுக்கும் பெரும் பங்கு உண்டு என்பதை மறுக்கவில்லை.

'ஹேண்ட் இன் குளோவ்' அந்தத் தனிப்பட்டியலில் மேலே ஏறி நெடுநாள் தங்கியது. எல்லாத் தட்டுகளுக்குமான பொதுப்பட்டியலின் முதல் 75 இடங்களுக்குள் அது வரவே இல்லை. கட்டுரையாளரின் கண்ணுக்கு அது தப்பியதற்கும் இதுவே காரணமாக இருக்கக்கூடும்: 25-ஆம் இடத்தைத் தொட்ட 'திஸ் சார்மிங் மேன்' தெரிகிறது, பட்டியலில் இல்லாதது தெரிவதில்லை.

என்னிடம் அதன் ஏழு அங்குலத் தட்டு ஒன்று இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் பழைய தட்டு விற்கும் கடையில் வாங்கியது. உறையில் குழுவினரின் படம் இல்லை. முதுகு காட்டி நிற்கும் ஆடையற்ற ஓர் ஆணின் புகைப்படம் இருக்கிறது. 1983-இல் ஒரு புதுக்குழு இப்படியோர் உறையோடு கடைக்கு வருவதற்கு நெஞ்சழுத்தம் வேண்டும். தட்டை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தால், பாட்டு முடிந்தபின் ஊசி சுற்றும் வெற்றுப் பகுதியில், 'என் கறுப்புக் கண்ணாடிக்கு முத்தமிடு' என்று பொருள்படும் குறும்பு வாசகம் கீறப்பட்டிருப்பது தெரியும். மறுபக்கத்தில் இருப்பது, அதே பிப்ரவரியில் மான்செஸ்டரின் ஹாசியெண்டா அரங்கில் மேடையில் பதிவான 'ஹேண்ட்சம் டெவில்'.

பாட்டு சட்டென்று தொடங்குவதில்லை. தெருமுனையில் இருந்து ஒரு ஊர்வலம் நெருங்குவதுபோல ஒலி மெல்ல உயர்கிறது; ஹார்மோனிகா அழுகிறதா சிரிக்கிறதா என்று பிடிபடுவதற்குள் பாடகர் மோரிஸ்ஸியின் குரல் வந்துவிடுகிறது. தலைப்பில் உள்ள ஆங்கில மரபுத்தொடரை நாம் 'நகமும் சதையும்' என்போம். ஊர் சிரித்தாலும் நம்முடையது போன்ற நேசம் வேறில்லை என்று இறுமாப்போடு பாடிக்கொண்டே போகிறவன், கடைசியில் இது கைவிட்டுப் போய்விடும் என்று தனக்குத்தானே ஒப்புக்கொள்கிறான். இசை அந்த ஒப்புதலுக்காக வேகத்தைக் குறைப்பதில்லை. மைக் ஜாய்ஸின் முரசு அடித்துக்கொண்டே மறைகிறது. இந்தக் குழு பின்னர் எத்தனையோ நேர்த்தியான பாட்டுகளைச் செய்தது என்றாலும், இவ்வளவு அவசரத்தோடு இன்னொன்று செய்யவில்லை என்பது என் எண்ணம்.

அதே மே மாத இறுதியில் பிபிசி வானொலியில் ஜான் பீல் நிகழ்ச்சியில் குழுவின் பதிவு ஒலிபரப்பானது. அடுத்த பிப்ரவரியில் வந்த முதல் ஆல்பம் பட்டியலில் இரண்டாம் இடம் வரை சென்றது. இதே பாடலை 1984-இல், அறுபதுகளின் புகழ்பெற்ற பாடகி சாண்டி ஷா, மாரும் ரூர்க்கும் ஜாய்ஸும் உடன் வாசிக்கப் பாடினார். பொதுப்பட்டியல் வாசலில் நிறுத்திவைத்த பாட்டை, அவர் 27-ஆம் இடம் வரை கைப்பிடித்து அழைத்துப் போனார்!

கட்டுரையைத் திருத்தி வெளியிடும்போது இன்னொன்றையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முதல் ஆல்பத்தில் உள்ளது தயாரிப்பாளர் ஜான் போர்ட்டர் மறுகலவை (ரீமிக்ஸ்) செய்த வடிவம். 250 பவுண்டில் பதிவான அசல் வடிவத்தைக் கேட்க விரும்பும் வாசகர்கள், 1984 நவம்பரில் வந்த 'ஹேட்ஃபுல் ஆஃப் ஹாலோ' தொகுப்பில் தேட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்.