கண்ணாடிக்குள் சுடர் முன்னால்தான் சாயும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வார மாணவர் பகுதியில் ஒரு கேள்வி: நாலாபுறமும் கண்ணாடி போட்ட விளக்குக்குள் மெழுகுவர்த்தி எரிகிறது. அதை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்திருக்கிறோம். வண்டி சட்டென்று கிளம்பினால் சுடர் எந்தப் பக்கம் சாயும்? பயணிகளைப் போலவே பின்னால் சாயும், காரணம் நிலைமம் (இருந்த நிலையிலேயே இருக்கப் பார்க்கும் குணம்) என்று விடை போட்டிருக்கிறீர்கள். தவறு. முன்னால் சாயும்.

மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்துத் திறந்தவெளியில் நடந்தால் சுடர் பின்னால்தான் போகும். அங்கே எதிர்க்காற்று தள்ளுகிறது. கண்ணாடிக்குள் எதிர்க்காற்று ஏது? உள்ளே இருக்கும் காற்றும் நம்மோடு பயணம் செய்கிறது. வண்டி பாயும்போது அந்தக் காற்றும் பின்தங்கப் பார்த்து, பின்பக்கக் கண்ணாடியை நெருக்கும். சுடரில் இருப்பதோ சூட்டில் விரிந்து, சுற்றிலுமுள்ள காற்றைவிட நாலைந்து மடங்கு லேசாகிவிட்ட வாயு. கனமானது பின்னால் ஒதுங்கினால் லேசானது முன்னால்தான் தள்ளப்படும். விடை எழுதியவர் நிலைமத்தைச் சுடருக்குக் கொடுத்துவிட்டு, காற்றுக்குக் கொடுக்க மறந்துவிட்டார்.

வகுப்பில் இதைச் செய்தே காட்டியிருக்கிறேன் (தீப்பெட்டிச் செலவு என் கணக்கு). சுடரைவிட நன்றாக உயரமான கண்ணாடி ஜாடியின் அடியில் மெழுகைச் சொட்டி, கட்டை மெழுகுவர்த்தியை ஒட்டவேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜாடியை மேசைமேல் வெடுக்கென்று இழுத்தால் சுடரின் நுனி கை போகும் பக்கமே குனியும். நிறுத்தும் நொடியில் பின்னால் சாயும். ஒரே சீராக நகர்த்தினால் நிமிர்ந்து நிற்கும். வட்டமாகச் சுற்றினால் உள்பக்கம் சாயும். தீ வேண்டாம் என்பவர்கள் காருக்குள் ஹீலியம் பலூனைக் கட்டி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பார்க்கட்டும். கார் கிளம்பியதும் பலூன் ஓட்டுநர் பக்கம் போகும்.

சுடர் கூராக மேலே நிற்பதும் சுற்றிலுமுள்ள காற்றின் வேலைதான். கனத்த காற்று கீழே இறங்கி, சூடான வாயுவை மேலே தள்ளுகிறது. எல்லாம் எடையின்றி மிதக்கும் விண்கலத்தில் அந்தத் தள்ளல் இருக்காது. அங்கே என்ன ஆகும் என்று 1992-ல் கொலம்பியா விண்ணோடத்திலும், 1996-ல் மிர் விண்நிலையத்திலும் மெழுகுவர்த்தி ஏற்றியே பார்த்தார்கள். சுடர் கூர் மழுங்கி, ஏறக்குறைய அரைக்கோளமாக, மங்கிய நீலத்தில் எரிந்தது.

உங்கள் மாணவர் பகுதியைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைக்கும் பிள்ளைகள் உண்டு. ஆகவே திருத்தத்தை எங்கோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் போடாமல், அதே பகுதியில், அதே அளவில், அவர்கள் பழையதன்மேல் ஒட்டிக்கொள்ள வசதியாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
கும்பகோணம்