சாடியை இன்றிரவே உள்ளே எடு

ஸ்கார்பரோ, கனடா,
ஏப்ரல் இறுதி.

அன்பின் நண்பா,

இங்கு எல்லோரும் நலம். மாமியின் முழங்கால் வலியும் குறைந்திருக்கிறது. இத்தனை நாள் எழுதாமல் இருந்துவிட்டு அவசரமாக எழுதுவதற்குக் காரணம் உன் அக்கா சொன்ன செய்திதான். ஒட்டாவாவில் நாலு நாள் வெயில் எறித்ததும் கறிவேப்பிலைச் சாடியைப் பின்வளவில் வைத்துவிட்டாயாம். பொறுமை உனக்கு எப்போதுதான் இருந்தது? அந்த மாங்காய் விவகாரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

பகல் வெயிலை நம்பாதே. முகிலும் காற்றும் இல்லாத இரவுதான் ஆபத்தானது. இலை தன் வெப்பத்தைத் திறந்த வானத்துக்கு இழந்துகொண்டே இருப்பதால், வானிலை அறிக்கை 2 பாகை செல்சியஸ் என்று சொல்லும் இரவிலும் அதன்மேல் உறைபனி படியலாம். கறிவேப்பிலைக்கு அவ்வளவு குளிர்கூடத் தேவையில்லை; 10 பாகைக்குக் கீழே சில இரவுகள் தொடர்ந்தாலே இலை மஞ்சளாகி உதிரத் தொடங்கும். நிலத்தில் நிற்கும் மரத்தின் வேரை மண் காக்கும். சாடியிலோ குளிர் நாற்புறமும் வேரைச் சூழ்ந்துவிடும்.

உள்ளே தூக்க முடியாத சாடிகளைத் தெற்குப் பார்த்த செங்கற் சுவரோடு ஒட்டி வை. மண் காய்ந்திருந்தால் பகலிலேயே தண்ணீர் விடு. ஈரமண் கூடுதல் வெப்பத்தைச் சேமிக்கும். பொழுதுபடுமுன் பழைய படுக்கைவிரிப்பால் நிலம்வரை மூடு. தண்டோடு சேர்த்துக் கட்டாதே, மண்ணிலிருந்து எழும் வெப்பம் உள்ளே வராது. பொலித்தீன் இலையில் படவே கூடாது. காலையில் மறக்காமல் திறந்துவிடு.

இங்குள்ள பழைய தோட்டக்காரர்கள் விக்டோரியா தினம், அதாவது மே 25க்கு முந்திய திங்கட்கிழமை, வரும்வரை மிளகாய்க் கன்றைக்கூட வெளியே நடமாட்டார்கள். அதன் பிறகும் இரவுக் குளிரைப் பார்த்து, முதலில் நிழலில் சில மணி நேரம், பிறகு மெல்ல மெல்ல வெயிலில் என்று ஒரு வாரம், பத்து நாள் பழக்கு.

நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உனக்குத் தெரியும். உன் அம்மா விதை போட்டு வளர்த்த மரத்தின் பக்கக்கன்று அது. தாய்மரம் இன்று இல்லை.

தளிர் ஏற்கெனவே நீர் ஊறிய நிறத்தில் கறுத்துத் தொங்கினால் பதறி வெட்டாதே. நகத்தால் தண்டைச் சுரண்டிப் பார். உள்ளே பச்சை இருந்தால் துளிர்க்கும். அதுவரை தண்ணீரைக் குறை, பசளை போடாதே. தண்டு எப்படி இருக்கிறதென்று நாளைக்கே எழுது.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்