கரிசல்ல வீடு கட்டுறதப் பத்தி

மாப்ள,

நல்லாருக்கியா? பெரியவ காலேஜ் சேந்துட்டாள்னு தங்கச்சி போன்ல சொல்லுச்சு, சந்தோசம்ல. இங்க அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் விட்டபாடில்ல, மத்தபடி எல்லாரும் சொகம். வீட்டு வேலை என்னாச்சுன்னு கேட்டிருந்த, வாய்ஸ் நோட் போட்டா நீ பாதில நிறுத்திடுவ, அதான் உக்காந்து டைப் பண்றேன்.

இடம் அதே நாலாட்டின்புதூர் ரோட்டு 5 சென்ட் தான், 2178 சதுர அடி வருது. பெர்மிட்டுக்கு முன்ன மாதிரி அலைய வேண்டாம், 2024 ஜூலைல இருந்து 2500 சதுர அடி வரைக்கும் உள்ள மனைல, கீழயும் மேல ஒரு மாடியுமா 3500 சதுர அடிக்குள்ள கட்டுனா சுயசான்று முறைல, அதாவது விவரம் சரின்னு நாமளே உறுதி குடுத்து, ஆன்லைன்லயே எடுத்துக்கலாம்.

வீட்ல எல்லாருக்கும் எலிவேஷன், அதான் வீட்டு முகப்பு, அதப் பத்தி தான் பேச்சு. மச்சான் தினம் விடிஞ்சா ஒரு போட்டோ அனுப்புறான், ஒண்ணுல தூண் மட்டுமே ஏழெட்டு நிக்குது, வீடா கோயிலான்னு தெரியல. எனக்கு கவலை பூரா மண்ணுக்கு அடில. நம்ம கரிசல் மழைல ஊதும், கோடைல கைய விடுற அளவுக்கு வெடிக்கும், மேல இருக்க வீடும் கூடவே ஏறி இறங்கும். நம்ம பழைய தெருவுல ஜன்னல் மூலைல இருந்து கோணலா விரிசல் ஓடுமே, எல்லாரும் கொத்தனாரத் தான் திட்டுவாங்க, எனக்கென்னமோ மண்ணு மேல தான் சந்தேகம்.

அதனால அண்டர் ரீம் பைல், அதாவது அடி மட்டும் அகலமா மண்ணுக்குள்ள எறங்குற கான்கிரீட் தூண், போடச் சொல்லிருக்கார் இன்ஜினியர். ரூர்க்கி கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க கரிசலுக்குன்னே கொண்டு வந்த முறை அது. குழிய 3.5 மீட்டருக்குக் குறையாம எறக்கி, அடில மட்டும் தண்டு விட்டத்துக்கு 2.5 மடங்கு அகலமா குடைஞ்சு கான்கிரீட் போடுறது. அந்த ஆழத்துக்குக் கீழ வெயிலு மழைன்னு ஈரம் ரொம்ப மாறாது, வீடு அதப் புடிச்சிட்டு நிக்கும். பிளிந்த் பீம், அதான் சுவரத் தாங்குற அடி உத்தரம், அதுக்கும் மண்ணுக்கும் நடுவுல கொஞ்சம் கேப் விடணுமாம், மண்ணு ஊதுனா பீமத் தூக்காம இருக்க. இதுல தான் நாம பக்கத்துல நிக்கணும் மாப்ள, "என்ன சார் அந்தரத்துல தொங்குது"ன்னு அள்ளிப் போட்டு மூடிடுவாங்க. தரைக்கு உள்ளயும் கரிசல எடுத்துட்டு கிராவல் கொட்டி தண்ணி விட்டு திம்சு போடணும்.

இத்தனையும் செஞ்சிட்டு சுவத்து ஓரத்துல தண்ணிய விட்டா எல்லாம் வீண். சம்ப், செப்டிக் டேங்க், மழைநீர் குழி மூணையும் வீட்ட விட்டு தள்ளி மனையோட ஓரத்துக்குக் கொண்டு போயிட்டேன், வாஸ்து பாக்குறவர் சம்புக்கு ஈசான மூலைன்னார், நல்லவேளை அதுவும் காம்பவுண்டுப் பக்கமா தான் வந்துச்சு. வீட்டச் சுத்தி 3 அடிக்கு சிமெண்ட் தளம், வெளிப்பக்கமா வாட்டம். அம்மாவுக்கு வாசல்ல வேப்ப மரம் வேணுமாம், அது வேர விட்டு அஸ்திவாரத்தடி ஈரத்த உறிஞ்சுனா அந்தப் பக்கம் மண்ணு சுருங்கி வீடு எறங்கும்னு சொல்லிப் பாத்தேன், "ஒங்க தாத்தா வீட்ல இல்லாத வேம்பா"ங்குது. இன்னும் பஞ்சாயத்து முடியல. அம்மா ரூம் மட்டும் கீழ தான், பாத்ரூம் உள்ளயே, கதவு 3 அடி, படி இல்லாம சாய்வுத் தளம், அதுல பேச்சே இல்ல.

ஆவணில ஆரம்பிச்சா ஐப்பசி மழை தோண்டுன குழிக்குள்ள தான் நிக்கும். அதனால தையில பூஜை மட்டும், சித்திரைல நெலம் காஞ்சப்புறம் தோண்டுறோம். லேபர் மட்டும் கான்ட்ராக்ட், சாமான் நாம எடுத்துக் குடுக்குறது, அலைச்சல் தான், ஆனா என்ன கம்பி என்ன சிமெண்ட் உள்ள போகுதுன்னு கண்ணுக்குத் தெரியும்ல. சித்திரை வெயில்ல க்யூரிங்குக்கு, அதான் கான்கிரீட்ட நனைச்சு இறுக விடுறதுக்கு, லாரித் தண்ணி செலவு தனியா எடுத்து வச்சிருக்கேன், பிபிசி (PPC), அதான் சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 10 நாளாவது விடாம நனைக்கணும், சாக்கு போட்டு மூடிடலாம்னு இருக்கேன்.

ஒன்னோட எட்டயபுரம் பக்கத்து மனையும் சுத்தக் கரிசல் தான, மண் டெஸ்ட் எடுத்தியா? எடுக்காம யார்ட்டயும் அட்வான்ஸ் குடுத்துடாத. தீவாளிக்கு வரும்போது பத்திர ஜெராக்ஸ், எஃப்எம்பி (நில அளவை வரைபடம்) ரெண்டும் கொண்டா, எங்க இன்ஜினியர்ட்டயே காட்டிடலாம், அப்படியே ஒங்க மாமாகூட வேலை பாத்த அந்த பிளம்பர் நம்பரும் கேட்டு வை.

தங்கச்சியவும் பிள்ளைகளையும் கேட்டதா சொல்லு.